சின்ன வயதுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஈரோட்டில் நாங்கள் ஏழு பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். சின்ன வயதில் படித்த புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, திரும்பப் படித்து, அதைப் பற்றிப் பேசுவதுதான் வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஆசையோடு வருவார்கள். அன்றைக்கு ராத்திரியே போனில் தேடுவார்கள். ஸ்கேன் செய்த பிரதி ஒன்று கிடைக்கும், படுத்தபடியே பத்துப் பக்கம் படிப்பார்கள். மறுநாள், "அப்படி ஒண்ணுமில்லீங்க அக்கா, சாதாரணமாத்தான் இருக்குது" என்று விட்டுவிடுவார்கள்.

வரிசை மாறிப்போனதால் வந்த ஏமாற்றம் இது. அச்சடித்த பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால், முப்பது நாற்பது வருடமாக மனசில் இருந்த படம் அப்போதே அதற்குத் தக்கபடி மாறிவிடும். எது பழைய நினைவு, எது நேற்றுப் பார்த்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் முதலில் நினைவு, அடுத்து ஆட்கள், அதற்கப்புறம் தேடல், கடைசியில் வாசிப்பு. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: 40 பக்க நோட்டு ஒன்று, பென்சில், மென்மையான பிரஷ், முகக்கவசம், வெள்ளைப் பருத்தித் துணி, இரண்டு சின்னத் தலையணை. ஒரு புத்தகத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம்.

## 1. தேடும் முன் நினைவை எழுதுங்கள்

நோட்டில் ஒரு புத்தகத்துக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பு ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கதையைச் சொல்ல முயலாமல், முதலில் கண்ணில் வருகிற படத்தை எழுதுங்கள். பலருக்கும் கதைக்கு முன்னால் படம்தான் வரும்: ஒரு குதிரை, ஒரு பாலம், மூலையில் நிற்கிற ஒரு கிழவி.

அடுத்து, அதை எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று எழுதுங்கள். திண்ணையா, தோட்டத்துச் சாளை வீடா, மாட்டுக்குத் தட்டு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த வேப்பமரத்தடியா? எந்த வகுப்பு, மழையா வெயிலா, யார் பக்கத்தில் இருந்தார்கள்? இது பின்னால் தேடும்போது பெரிய உதவி. "ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு, அம்மிச்சி ஊர்" (அம்மிச்சி என்பது அம்மாவின் அம்மா) என்று எழுதினால் வருடமும் கிடைத்துவிடும், வாங்கிக் கொடுத்தவர் யார் என்றும் கிடைத்துவிடும்.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். "அட்டை நீலம் என்று நினைக்கிறேன்" என்பதற்கும் "அட்டை நீலம்" என்பதற்கும் தேடலில் நிறைய வித்தியாசம் உண்டு. அட்டையின் நிறத்தை ஏறக்குறைய எல்லோரும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பச்சை அட்டை என்று உறுதியாகச் சொல்லி, பச்சை இல்லாததையெல்லாம் கடையில் ஒதுக்கித் தள்ளினார். கடைசியில் கிடைத்தது காவி அட்டை. அவர்கள் வீட்டுக் கதவுதான் பச்சை.

எழுதி முடித்த தேதியைக் கீழே போடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் ஞாபகம் வந்தால், பழையதை அடிக்காமல் தனியாகச் சேருங்கள்.

## 2. கூடப் படித்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்

அண்ணன், தங்கை, மாமன், பக்கத்து வீட்டு அக்கா என்று அந்தப் புத்தகத்தைத் தொட்டவர்கள் எல்லோரையும் கேளுங்கள். ஆனால் ஒறம்பரை (உறவினர்) கூட்டத்தில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்களும் நினைவாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக, நீங்கள் எழுதியதைக் காட்டாமல் கேளுங்கள்.

பெரியவர்களை இந்தப் படியிலேயே கேட்டுவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு நான் பட்டது நிறைய. ஒரு ராஜா கதையில் கழுதை கிணற்றில் விழும், நாலு அண்ணன் தம்பிகள் வடக்கயிறு விட்டு அதைத் தூக்குவார்கள். கயிறு அறுந்து அறுந்து விழும். எனக்கு அந்தக் கதையில் உயிரே அந்த இடம்தான். பைண்டு செய்த பழைய அம்புலிமாமா இதழ்களை ஒரு வருடத்துக்கு மேல் புரட்டினேன். ராஜா கதை கிடைத்தது, கழுதை மட்டும் இல்லை. வேறு பதிப்பாக இருக்கும் என்று இன்னும் தேடினேன். ஒரு நாள் பேச்சுவாக்கில் அம்மிச்சியிடம் கேட்டேன்.

"அது பொஸ்தகத்துல எங்க கண்ணு இருக்குது? நம்ம மேக்காலத் தோட்டத்துக் கெணத்துல கழுதை உளுந்துச்சல்ல? நீ தூங்கோணும்னு நாந்தான் அதையுஞ் சேத்திச் சொன்னேன்."

அம்மிச்சிக்குப் படிக்கத் தெரியாது. மாமன் படித்துக் காட்டியதைக் காதில் வாங்கி வைத்திருந்து, ராத்திரி கயிற்றுக் கட்டிலில் எனக்குச் சொல்வார். நான் படித்ததாக நினைத்ததில் பாதி, கேட்டது. அன்றைக்கே அம்மிச்சி சொன்ன மாதிரியில் அந்தக் கதையைப் போனில் பதிவு செய்துகொண்டேன். நீங்களும் கேட்கப் போகும்போது பதிவு செய்யுங்கள். அவர்கள் சேர்த்த பகுதி எந்த நூலகத்திலும் கிடைக்காது.

## 3. அது நூலா, இதழா, பாடமா?

தேடும் இடமே இதைப் பொறுத்து மாறும் என்பதால் இப்போதே வகை பிரித்துக்கொள்ளுங்கள்.

மாத இதழில் வந்த கதைக்குத் தலைப்பைவிட மாதமும் வருடமும் முக்கியம். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது, கோகுலமும் முத்து காமிக்ஸும் 1972-இல், லயன் காமிக்ஸ் 1984-இல். உங்கள் நினைவில் உள்ள வருடத்துக்கு அந்த இதழ் வெளிவந்து கொண்டிருந்ததா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். வேதாளம் கேள்வி கேட்டு, விக்ரமன் வாய் திறந்ததும் மரத்துக்குத் திரும்பினால் அது அம்புலிமாமாவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கதைகள் தனி நூல்களாகவும் நிறைய வந்திருக்கின்றன. படத்தை நினைத்துப் பாருங்கள். தோளில் உடல், கையில் உருவிய வாள் என்று விக்ரமன் நடக்கிற அந்தப் படம் அம்புலிமாமாவில் சங்கர் வரைந்தது. நம் கொங்குப் பக்கத்துக் கிராமத்தில் 1924-இல் பிறந்தவர் அவர்.

காகிதம் வழுவழுப்பாக, கெட்டியாக, படங்கள் வேற்று நாட்டு மரங்களும் பனியுமாக இருந்ததா? அது மாஸ்கோவில் அச்சான தமிழ் நூலாக இருக்கலாம். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்ற பெயர்களில் வந்தவை. இவற்றை எழுதியவர் பெயரில் தேடினால் எழுத்துக்கூட்டல் வேறுவேறாக இருந்து தப்பிப் போகும். மொழிபெயர்த்தவர் பெயரில் தேடுங்கள்: ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள்.

மூன்றாவது வகையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பள்ளித் துணைப்பாடம். "ஒரு கதைப் புத்தகம்" என்று தேடி அலைந்து, கடைசியில் அது எட்டாம் வகுப்பு நான்-டீடெயில் என்று தெரிந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர். பக்கத்தின் முடிவில் கேள்விகள் இருந்ததாக லேசாக ஞாபகம் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

## 4. முதலில் வீட்டைத் தேடுங்கள்

கடைக்கும் நூலகத்துக்கும் போவதற்கு முன் அப்பா வீடு, அம்மா வீடு, விற்காத பழைய சாளை எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். மற்றப் பிரதிகள் எல்லாம் அதே புத்தகமாக இருக்கலாம். வீட்டில் கிடைப்பது நீங்கள் தொட்ட பிரதி.

பார்க்க வேண்டிய இடங்கள்: அட்டாலி (பரண்), தானியக் குதிருக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே, கல்யாணப் பத்திரிகைகளும் பத்திரங்களும் இருக்கும் பை. பண்டிகைக்குச் சுத்தம் செய்யும் நாளில் போகாதீர்கள். எடுத்துப் போடுகிற வேகத்தில் கிழிந்துவிடும், அல்லது பழைய பேப்பர்காரர் சாக்குக்குப் போய்விடும். தனியாக ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். கரையான் மண் ஒட்டிய கட்டு கிடைத்தால் வீட்டுக்குள் பிரிக்காமல் வாசலுக்குக் கொண்டு வந்து பிரிக்க வேண்டும்.

எனக்கு அட்டாலியில் கிடைத்தது பன்னிரண்டு இதழ்கள் சேர்த்த ஒரு பைண்டு. அப்பாரு (தாத்தா) சாக்கு ஊசியால் தானே தைத்தது, மேலே காடாத் துணி ஒட்டியிருந்தார். பித்தளை அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவே சொருகிக் கிடந்தது. பிரித்தபோது பக்கங்களுக்கு நடுவில் நிலக்கடலைத் தோல், ஒரு சிவப்பு ரிப்பன் துண்டு. நாற்பதாம் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிற காலத்தில் களத்திலிருந்து ஓடி வந்து கை கழுவாமல் எடுத்திருக்கிறேன். மஞ்சள் கறை வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். மூடியே கிடந்ததால் அப்படியே நின்றிருக்கிறது. என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். ரேகை என் நகத்தின் அகலம்கூட இல்லை.

இப்படிப்பட்ட கறைகளைத் துடைக்காதீர்கள், தோலையும் ரிப்பனையும் கொட்டிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நோட்டில் எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சின்னக் காகித உறையில் போட்டு வையுங்கள். எந்த இடத்தில் நின்று நின்று படித்தீர்கள் என்று எட்டாவது படியில் பார்க்கும்போது அவை உதவும்.

## 5. வெளியே தேடும் வரிசை

வீட்டில் இல்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

ஊர் நூலகம். கிளை நூலகத்தில் பழைய குழந்தைகள் நூல்கள் பெரும்பாலும் அலமாரியில் இருக்காது. மேலே கட்டி வைத்திருப்பார்கள், அல்லது நீக்கியிருப்பார்கள். நூலகரிடம் "சின்னப் பசங்க புத்தகம் பழசு இருக்குதுங்களா" என்று பொதுவாகக் கேட்காமல், நோட்டில் எழுதியதைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள். கட்டை இறக்கிப் பார்க்க அவருக்கும் நேரம் வேண்டும். அடுத்தது மாவட்ட மைய நூலகம். கோவையில் அது ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறது.

பழைய புத்தகக் கடை. கோவை உக்கடத்தில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. ஜூன், ஜூலையில் போகாதீர்கள். பாடப்புத்தகத்துக்கும் கைடுக்கும் கூட்டம் நெருக்கும், கடைக்காரருக்கு உங்களோடு நின்று பேச முடியாது. குழந்தைகள் இதழ்கள் அடுக்கின் அடியில்தான் இருக்கும். கேட்டுவிட்டு, அவர் எடுத்துத் தரும்வரை நில்லுங்கள். அடுக்கை நீங்களே சரித்தால் அடுத்த தடவை வரவேற்பு இருக்காது. விலை பேசும் முன் ஆசையைக் காட்டாதீர்கள் என்று சொல்வார்கள். நான் நேராகவே சொல்லிவிடுவேன்: "நான் சின்னப் புள்ளையில படிச்சதுங்க, அதுதான் தேடறேன்." இரண்டு கடைக்காரர்கள் என் நம்பரை வாங்கி வைத்து, மாதங்கள் கழித்துக் கூப்பிட்டார்கள்.

புத்தகத் திருவிழா. கோவையில் ஜூலை மாதம் கொடிசியா வளாகத்தில் நடக்கும். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்டில் நடத்துகிறது. இங்கே பழைய பிரதியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மறுபதிப்புக்காகப் போங்கள். சோவியத் நூல்களில் சிலவற்றை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் திரும்ப அச்சிட்டிருக்கிறது. முத்து, லயன் காமிக்ஸின் பழைய கதைகளும் மறுபதிப்பாக வருகின்றன. மறுபதிப்பில் அளவும் வண்ணமும் மாறியிருக்கும், சில சமயம் தமிழும் மாறியிருக்கும். வாங்குவது நல்லதுதான், ஆனால் நோட்டில் "மறுபதிப்பு" என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எட்டாவது படியில் குழம்புவீர்கள்.

இணையம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் பாடநூல்களும் இருக்கின்றன. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளையும் அங்கேயே பார்க்கலாம். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர் அவர். பள்ளி நூலகத்தில் பூட்டின கண்ணாடி அலமாரிக்குள் அந்தத் தொகுதிகளைப் பார்த்து ஏங்கியவர்கள் பலர் இருப்பீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் தேடும்போது ஒரு விஷயம்: ஸ்கேன் செய்தவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். ழகரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், எல்லா விதத்திலும் தேடுங்கள். பெரும்பாலான ஸ்கேன்கள் வெறும் படங்கள் என்பதால் கதைக்குள் வரும் சொல்லைப் போட்டால் ஒன்றும் வராது. தலைப்பு, ஆசிரியர், வருடம், இவைதான் வழி.

சென்னை. எதிலும் கிடைக்காவிட்டால் கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். எல்லாப் பதிப்பாளர்களும் ஒழுங்காக அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றாலும், பார்க்காமல் விடக் கூடாத இடம். பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. தரமணியில் உள்ளது. ரயில் ஏறும் முன் போன் செய்து, வேண்டிய நூல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## 6. கிடைத்தது அதே புத்தகமா என்று பாருங்கள்

தலைப்பு ஒன்றாக இருந்தால் போதாது. நீங்கள் படித்த பதிப்பு வேறாக இருந்தால் படமும் வேறு, நடையும் வேறு. இன்னும் படிக்க ஆரம்பிக்காமல், முன்பக்கமும் பின்னட்டையும் மட்டும் பாருங்கள். முதல் சில தாள்கள் போயிருந்தாலும் காலத்தைக் கண்டுபிடிக்கலாம்.

விலையைப் பாருங்கள். அணாவில் போட்டிருந்தால் 1957-க்கு முந்தியது. "ந.பை." என்று இருந்தால் நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் நடுவில். பதிப்பக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

எழுத்தைப் பாருங்கள். "லை", "னை", "ணை" எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொக்கி இருக்கிறதா? "ணா", "றா", "னா" கால் தனியாக நிற்காமல் ஒரே சுழியாக இருக்கிறதா? 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய அச்சு அது. ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் மாறிவிடவில்லை, பழைய அச்செழுத்து தேயும்வரை ஓட்டினார்கள். ஆகையால் இரண்டு மூன்று வருடம் தள்ளி வைத்துக் கணக்குப் பண்ணுங்கள்.

நூலக முத்திரை இருந்தால் அதையும் படியுங்கள். நம் பக்கத்துக்கு மட்டும் உள்ள வசதி இது. ஈரோடு, கோபி, பவானி நூலக முத்திரையில் "கோவை மாவட்டம்" என்று இருந்தால் 1979-க்கு முந்திக் குத்தியது. "பெரியார் மாவட்டம்" என்றால் அதற்கப்புறம், 1990களின் பிற்பகுதி வரை. திருப்பூர் தனி மாவட்டமானது 2009-இல்தான். 1985-இல் நீங்கள் எடுத்துப் படித்த நூலகப் புத்தகம் இதுதானா என்பதற்கு அந்த முத்திரையைவிட நல்ல சாட்சி இல்லை.

## 7. பிரதியைப் படிக்கத் தயாராக்குங்கள்

பழைய இதழ்த் தாள் வருடங்கள் ஏற ஏற அமிலமாகிப் பழுத்து நொறுங்கும். அதனால் படிப்பதற்கு முன் இந்தச் சின்ன வேலை.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் இன்னும் பழுக்கும். ஆடிக் காற்றில் வெளியே வைக்கவே வேண்டாம். துருப்பிடித்த பின் இருந்தால் கொக்கியை நிமிர்த்தி மெதுவாகக் கழற்றி, நூலால் தையுங்கள்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் ஆசையோடு செய்து அதிகம் கெடுப்பது இதுதான். கொஞ்ச வருடத்தில் பசை பழுப்பாகக் கசிந்து எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

படிக்கும்போது இரண்டு தலையணைக்கு நடுவில் பள்ளமாக வைத்து, பாதி திறந்த நிலையில் படியுங்கள். ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு ஒடிந்துவிடும். நகல் வேண்டுமானால் ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுங்கள்.

## 8. வாசிப்பு: இரண்டு தடவை, இரண்டு விதமாக

முதலில் எடுப்பது உங்கள் உயிரான புத்தகமாக இருக்க வேண்டாம். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்ததை எடுங்கள். பெரியவரான பிறகு சின்னவர்களுக்கான எழுத்துக்குக் கண் பழக நாலைந்து நாளாகும். வாக்கியம் குட்டையாக இருக்கும், நடப்பது எல்லாம் திடீர் திடீரென்று நடக்கும். அந்தப் பழக்கமின்மையை உயிரான புத்தகத்தின் மேல் இறக்கினால், அதன் குறையாகத் தெரியும்.

பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய், அதே திண்ணையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். முதல் வாசிப்பை அங்கே வைக்காதீர்கள். அங்கே போனால் வீடு பேசும், செத்துப்போனவர்கள் நினைவுக்கு வருவார்கள், புத்தகம் மடியில் சும்மா கிடக்கும். இப்போது இருக்கிற வீட்டில், வழக்கமான நாற்காலியில் படியுங்கள்.

முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம், நோட்டும் வேண்டாம். கதையாக மட்டும் படித்துக்கொண்டு போங்கள். சலித்தால் அன்றைக்கு மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். வேகமாகப் புரட்டாதீர்கள். சின்ன வயதில் ஒரு படத்தைக் கால் மணி நேரம் பார்த்திருப்போம், இப்போது இரண்டு நொடியில் தாண்டிவிடுகிறோம். ஒவ்வொரு படத்திலும் நின்று, மூலைகளைப் பாருங்கள்.

ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். இரண்டாம் வாசிப்புக்கு முதல் படியில் எழுதிய நோட்டை எடுங்கள். நினைவில் இருந்தது ஒரு பக்கம், புத்தகத்தில் இருப்பது எதிர்ப்பக்கம். மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: நினைவில் இருந்து புத்தகத்தில் இல்லாதது, புத்தகத்தில் இருந்து நினைவில் இல்லாதது, இரண்டிலும் இருந்தும் அளவு மாறியது.

மூன்றாவதில்தான் எனக்கு நிறையக் கிடைத்தது. அந்த ராஜா கதையில் இளவரசன் காட்டைக் கடக்கும் பயணம் என் நினைவில் பக்கம் பக்கமாக நீண்டிருந்தது. புலி உறுமும், ஓடை குறுக்கிடும், மூங்கில் உரசும். புத்தகத்தில் அது நாலே வரி. "அடர்ந்த காட்டைக் கடந்து" என்று ஒரு சொற்றொடர், அவ்வளவுதான். மீதிக் காடு முழுக்க அந்தியூரிலிருந்து பர்கூர் ஏறும் மலைப்பாதை. அப்பாருவோடு மாட்டுச் சந்தைக்குப் போனபோது பார்த்தது. ராஜாவின் அரண்மனையும் அப்படியே: நான் மனசில் கட்டியிருந்த தர்பார், அம்மிச்சி வீட்டு ஆசாரம், அதாவது தூண் வைத்த கூடம். தூண் எண்ணிக்கைகூட மாறவில்லை, ஆறு.

புத்தகத்தில் நாலு வரிதானே என்று ஏமாந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. நான் அப்போது நோட்டைக் காட்டிக் கேட்பேன், அந்த மீதிக் காடு எங்கே இருந்து வந்தது என்று. உட்கார்ந்து யோசித்தால் எல்லோருக்கும் ஒரு தோட்டம், ஒரு வாய்க்கால், ஒரு கோயில் பிரகாரம் கிடைத்துவிடுகிறது. முதல் படியில் எழுதி வைக்காதவர்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை.

## 9. நெருடும் இடத்தில் என்ன செய்வது

பழைய கதைகளில் கெட்டவன் கறுப்பாக இருப்பான், நல்லவள் சிவப்பாக இருப்பாள். தொழிலை வைத்து ஆளை இளக்காரமாகப் பேசுவார்கள். பெண் பிள்ளைக்குக் கல்யாணம்தான் பரிசு. சின்ன வயதில் இது கண்ணிலேயே படவில்லையே என்று சிலர் பதறிப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இன்னும் சிலர் அது இல்லாத மாதிரி தாண்டிவிடுவார்கள்.

இரண்டும் வேண்டாம். பக்க எண்ணைப் போட்டு, அங்கே என்ன சொல்லியிருக்கிறது என்று உள்ளபடி நோட்டில் எழுதுங்கள். அப்போது உங்களை அது எப்படித் தொட்டது என்று யோசியுங்கள். எங்களில் ஒரு தங்கை, தன் நிறத்தைப் பற்றி இருந்த கூச்சம் எங்கே ஆரம்பித்தது என்று ஒரு பழைய படக்கதையின் நடுப்பக்கத்தில் கண்டுபிடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாரும் எதுவும் படித்துக் காட்டவில்லை, அவள் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் இன்னும் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறாள்.

## 10. பிள்ளைகளிடம் கொடுப்பது

உங்கள் இரண்டாம் வாசிப்பு முடியும் முன் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் முகம் சுளித்தால் உங்கள் வாசிப்பும் அங்கேயே நின்றுவிடும். பழைய பிரதியைக் கையில் கொடுத்து "பாத்து, கிழிச்சுறாத" என்று நூறு தடவை சொன்னாலும் கதை போய்விடும். மறுபதிப்பு இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

"நான் உன் வயசுல..." என்று ஆரம்பிக்க வேண்டாம். கதையை நடுவில் ஒரு நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகச் சொல்லுங்கள். மறுநாள் கேட்டால் தொடருங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

## 11. எடுத்து வைப்பது

ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும். அட்டாலிக்கே திருப்பி அனுப்பாமல், சுவரில் ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். தாளோடு ஒட்டாமல், மூலையில் சின்னத் துணி முடிச்சில் வசம்பு போட்டு வைக்கலாம். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் புரட்டிக் காற்றாட வைத்தால் எந்த மருந்தைவிடவும் அது நல்லது. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் மழைக்காலத்து ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும்.

கடைசியாக ஒரு காகிதத் துண்டு. எங்கே கிடைத்தது, யாருடையது, எந்த வருடம் முதலில் படித்தது, எந்தத் தேதியில் திரும்பப் படித்தது என்று பென்சிலால் எழுதிப் பின்னட்டைக்குள் வையுங்கள். பேனா மை ஊறும். அப்பாருவின் பைண்டுக்குள் நான் வைத்த துண்டில் ஐந்தாவதாக ஒரு வரியும் இருக்கிறது: "கழுதை கிணற்றில் விழும் கதை இதில் இல்லை. அது அம்மிச்சி சொன்னது, என் போனில் இருக்கிறது."